இருவரும் ஒருவரே

பதினேழு வீதம்.
சட்டவைத்திய அதிகாரி எழுதியிருக்கிறார்:
இடது கால், கணுவுக்குக் கீழே,
நிரந்தர இயலாமை, வீதம் பதினேழு.

மெயின் வீதிப் புடவைக் கடையில்
பத்தொன்பது வருடம் அளந்து கிழித்தவள் நான்.
மீற்றர் வந்து எத்தனையோ காலம்,
என் வாயில் இன்னும் யார்தான்.
துணி என்றால் கண்ணாலேயே சொல்வேன்
எங்கே வெட்டினால் பதினேழு போகும் என்று.
காலில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன்.
ஒரு நாள் விரலில் இருக்கிறது.
மழை வரப்போகும் நாளில்
முழங்கால்வரை வந்து நிற்கிறது.

நடந்தது இவ்வளவே.
மட்டக்குளி பஸ். ஆமர் வீதிச் சந்தி.
ஒரு கால் தாரில், ஒரு கால் படியில்.
கொண்டக்டர் பொடியன் தகரத்தில் தட்டி
"ஹரி ஹரி, யமு" என்றான்.
பின் சில்லு எங்கே இருந்தது என்று
பிறகு எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து
பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார்.
காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன்.
ஒன்றரை வருடம் கழித்து, புதுக்கடையில்,
சட்டத்தரணி நஸ்லியா அதை வாசித்துக் கண்ணாடியைக் கழற்றினா.
"ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினேன் என்று இருக்கே அக்கா."
இல்லை, நான் இறங்கும்போதுதான் பஸ் ஓடியது.
"எனக்கு விளங்குது. காகிதத்துக்கு விளங்காது."
எது முந்தியது, இறங்கியதா, ஓடியதா?
அந்த இடைவெளிக்குள்
என் காசில் பாதி கிடந்தது.

நீதிமன்ற விறாந்தையில் அந்தப் பொடியன்.
மீசை வந்திருந்தது.
"ககுல தென் ஹொந்தத, அக்கே?"
"ஹொந்தய் மல்லி" என்றது என் வாய், பழக்கத்தில்.
நஸ்லியா முழங்கையில் கிள்ளினா.
நட்டஈடு கேட்பவள்
யாரிடமும் சுகம் என்று சொல்லக்கூடாதாம்.
அதற்குப் பிறகு பூசைக்குப் போனாலும்
"இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கந்தோர்.
ஏழாம் மாடி. குளிர்.
கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒரு தொகையை எழுதி
தாளை என் பக்கம் திருப்பினார்.
"இதுதான் கடைசி அம்மா. இதற்கு மேல் கட்டாது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்தொன்பது வருடம், நாளுக்கு ஐம்பது தரம்
நான் சொன்ன வசனம்.
ஒரு தரமாவது அது கடைசியாக இருந்ததில்லை.
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
ஒரு தேத்தண்ணி வந்தது. நாற்பதாயிரம் கூடியது.
பிறகு நானும் களைத்துப் போனேன்.
களைப்புக்கும் ஒரு வீதம் இருக்கும்,
அதை ஒருவரும் அளக்கவில்லை.

காசோலை வந்தது,
எஃப்-இல் தொடங்கும் ஒரு பிலோமினாவுக்கு.
அடையாள அட்டையில் நான் பீ-எச்.
வங்கியில் இருந்த பிள்ளை தலையை ஆட்டிற்று.
மறுபடி புதுக்கடை.
குடைக்குக் கீழே தட்டெழுத்துக்காரர், முந்நூறு ரூபாய்.
சமாதான நீதவானுக்கு ஐந்நூறு.

"மேற்சொன்ன பெயர்களுக்குரிய இருவரும் ஒருவரே என
பயபக்தியுடனும் நேர்மையுடனும் உண்மையுடனும்
பிரகடனப்படுத்துகிறேன்."

பேனையை வாங்கினேன்.
ஒருத்தி, பஸ் நிற்கமுன்னமே படிக்கு வந்துவிடுபவள்,
இரண்டு கட்டுத் துணியோடு ஏணி ஏறுபவள்,
நத்தாருக்கு முதல் வாரம்
இரவு பத்துவரை நின்றே விற்பவள்.
மற்றவள், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும்
முதலில் கதிரை எங்கே என்று பார்ப்பவள்.

"இதில் யார் நீங்கள்?" என்றார் நீதவான்,
எழுத்தைச் சரிபார்க்கத்தான் கேட்டார்.
மூன்று அடி சேர்ந்தால் ஒரு யார்
என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

தமிழில் கையெழுத்திட்டேன்.
தமிழில் என் பெயருக்கு ஒரே பி.

வெளியே மழை.
முழங்கால் காலையிலேயே சொல்லியிருந்தது.