ஓடுதளத்தில் ஒரு மரம்

வியாழன் இரவு. ப்ருனோ நகரில்
சலவைக்கடையின் மேல்மாடி.
கீழே துணி உலர்த்தும் இயந்திரங்களின் அதிர்வை
எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம் நாங்கள்.
வாடகை குறைவு என்பதை
இப்படியும் சொல்லலாம்.

நவம்பரில் வருகிறதாம் புதிய சிமுலேட்டர்.
முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான் ராதிம்:
கண்ணாடியில் விழுந்த மழைத்துளி
வேகம் ஏற ஏற
மேல்நோக்கி ஊர்கிறது, பார்.
"ஒரு துளிக்கு இவ்வளவு கணக்கா?" என்கிறாள் க்வியெத்தா.
பகலெல்லாம் நாற்பது மீட்டர் உயரத்தில்
கிரேன் கூண்டுக்குள் நிஜ மழையைத் துடைப்பவள்.
"என் கண்ணாடியில் அது சும்மா நின்று
அழுக்காகும்."

பொஹுஸ்லாவுக்கு மழை பொருட்டல்ல.
பல்செட் செய்கிற கை;
மில்லிமீட்டருக்குக் கீழேதான் அவன் கோபமெல்லாம்.
இல்யூஷின் அறுபத்திரண்டைச் சேர்ப்பார்களா?
சேர்த்தால், நிறுத்திய பிறகு
பின்பக்கம் குந்திவிடாமலிருக்க
வாலடியில் இறக்கும் அந்தச் சின்ன முட்டுக்காலைச்
சேர்ப்பார்களா?
"அவ்வளவு பெரிய உடம்பு, ஊன்றுகோல் இல்லாமல் நிற்காது.
அதை மறைத்துவிட்டால் அது வேறு ஏதோ விமானம்."
யாரிடமும் பதில் இல்லை.
சாசேஜில் வெங்காயம் போதவில்லை என்பதற்குப்
பேச்சு தாவிவிட்டது.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
என் இடமும் வலமும் தண்டவாளத்தின் முடிவு.
அதனாலோ என்னவோ,
காலடியில் ரட்டர் பெடல் கிடைத்த முதல் நாள்
தேவையே இல்லாமல்
மூக்கை ஆட்டி ஆட்டிப் பறந்தேன்.
"குடித்த வாத்து" என்று பெயர் வைத்தார்கள்.
இன்னும் போகவில்லை அந்தப் பெயர்.

பிறகு ராதிம் அந்த இடத்துக்கு வந்தான்:
எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும்
புல் ஓடுதளம்.
சிவப்புக் கூரைக் கொட்டகை. கிழிந்த காற்றுப்பை.
சக்கரம் தேய்த்துப் பழுத்த புல் வரைக்கும்
அப்படியே.
மரத்தைக் காணோம்.

சொல்ல விட்டுவிட்டேன்.
பழைய சிமுலேட்டரில்
அந்த ஓடுதளத்தின் நட்ட நடுவில் ஒரு மரம் நிற்கும்.
எங்கோ எவனோ
ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியதில் முளைத்தது.
நான்கு பக்கமும் ஒரே முகம்.
ஜனவரியிலும் இலை.
இரண்டு முறை புகார் எழுதினோம்.
பிறகு "துணை மேயர்" என்று பெயரிட்டு
வழியை விட்டுவிட்டோம்.
பதினொரு வருடமாக எங்கள் புறப்பாடு இதுதான்:
ஓடு, ஓடு, ஸ்டிக்கை ஒரு சுண்டு,
மரத்துக்கு மேலே ஒரு துள்ளல்,
மறுபடி தரை,
அதன் பிறகே வானம்.

"திருத்திவிட்டார்கள்," என்றான் ராதிம்.
"நல்லதுதானே?"
நல்லதுதான் என்றோம்.
கீழே ஓர் இயந்திரம் சுற்றி முடித்துக் கூவியது.
க்வியெத்தா விலை என்ன என்று கேட்டாள்.

போன மே மாதம்
அவள் மைத்துனர் ஒருவரின் செஸ்னாவில்
நிஜமாகவே ஏறினோம், அதே புல்லில்.
ராதிம் வரவில்லை. அவனுக்கு உயரம் பயம்.
வேலியோரம் நின்று போனில் படம் எடுத்தான்.
விமானம் குலுங்கி ஓடியது.
பாதித் தூரத்தில்
முன்னிருக்கையில் என் வெறுங்கை
மடியிலிருந்து விருட்டென்று பின்னால் இழுத்தது.
பின்னிருக்கையில் இரண்டு ஜோடிக் கால்கள்
தரையை விட்டு எழும்பின.
"என்ன ஆயிற்று?" என்றார் மைத்துனர்.
"ஒன்றுமில்லை, பூச்சி," என்றான் பொஹுஸ்லாவ்.

ராதிம் எடுத்த வீடியோவை
நானாக ஒருநாள் போட்டுப் பார்த்தேன்.
வெயில், புல், ஓடிவரும் வெள்ளை விமானம்.
கை நடுங்காமல் பிடித்திருக்கிறான், பாவம்.
சரியாக அந்த இடத்தில் மட்டும்
படம் ஒருமுறை
மேலே துள்ளி
இறங்குகிறது.