முன்பாரம்

லிங்கன்ஷயரில் பிப்ரவரி.
வானம்தான் எல்லாம்; நிலம் அதற்கு ஓர் அடிக்கோடு.
ரோவெனா ஸ்கெல்ட்டன் வாரம் ஆறு நாளும்
பீட்கிழங்கு லாரிகளை எடைமேடையில் நிறுத்திச்
சீட்டுக் கிழித்துக் கொடுப்பவள்.
கிழங்கு இவ்வளவு, ஒட்டிய மண் இவ்வளவு.
எடையைப் பற்றித் தனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை
என்றுதான் நினைத்திருந்தாள்.

ஏழாம் நாள் துப்பாக்கி.
"புல்!" என்று கூவுவாள். அவர்கள் பேச்சில்
இழு என்று அர்த்தம்.
கூவியதும் புதருக்குப் பின்னிருந்து
ஆரஞ்சு நிறத்தில் எழும் ஒரு புள்.
களிமண் என்று பேர்; உள்ளே சுண்ணாம்பும் தாரும்.
இறகில்லை. ஆயுள் மூன்று நொடி.

இடமிருந்து வலம் போகிறவைதான் தப்பின.
குழல் பாதியில் நின்றுவிடும், கேள்வி மறந்தவன்போல.
குண்டுகள் எல்லாம் வாலுக்குப் பின்னே.
"மூக்கு லேசு உன் துப்பாக்கிக்கு,"
என்றான் டெஸ்மண்ட் ப்ராக்கில்ஸ்பி,
தன் துப்பாக்கி எதற்கும் லேசில்லாதவன்.

தபாலில் வந்தது பாரம்.
நூற்றிருபது கிராம் பித்தளை, இரண்டு திருகு,
உள்ளே ஒரு ரப்பர் நாக்கு.
முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கவ்வியது.
முதல் ஞாயிறு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று.
அன்று இரவு அதைக் கழற்றிச்
சமையலறைத் தராசில் மாவுக்குப் பதில் வைத்துப் பார்த்தாள்.
நூற்றிருபதுதான். பொய்யில்லை.

பிறகுதான் கணக்கு வந்தது.

கீலுக்கடியில் ஒரு விரல் கொடுத்தால்
முன்பெல்லாம் தராசு முள்ளாக நிற்கும்.
இப்போது முனை தலை கவிழ்ந்தது.
புறப்பட மனமில்லை குழலுக்கு;
புறப்பட்டாலோ நிற்க மனமில்லை.
எழுந்து சட்டென்று விழும் தட்டுக்கு மேலே
வெறும் வானத்தைச் சுட்டாள்.
அறுபதாவது தோட்டாவில் இடது தோள் முணுமுணுத்தது.
உறைக்குள் போக மறுத்தது துப்பாக்கி.
திருகு இளகிக் கிலுகிலுத்தது.
இறுக்கினால் நீலப் பூச்சில் கீறல்;
இறுக்காவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும்
ஒரு நெல்லளவு முன்னே நகர்ந்தது.

யாரும் பார்க்கவில்லை அந்த நெல்லளவை.

கோப்பைக்கான சுற்று. ஈரக் காற்று.
டெஸ்மண்டுக்குச் சமமாக வந்து,
மிச்சம் பன்னிரண்டு தட்டு.
தோள் சேர்த்தாள், கன்னம் பதித்தாள்,
வாயைத் திறந்தாள்.

"நிறுத்து!"

மதிப்பெண் எழுதும் கிளெனிஸ்.
பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.
குழலை மடக்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டுப்
பார்த்தார்கள்: ஊர்ந்து ஊர்ந்து
முனையையே தாண்டியிருந்தது பித்தளை;
ரப்பர் நாக்கு கீழ்க்குழலின் வாயில்
பாதி மூடிய இமைபோலத் தொங்கியது.
யாரும் பேசவில்லை.
தூரத்தில் ஒரு டிராக்டர் மட்டும்
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
டெஸ்மண்ட் தேநீர்க் குடுவையைத் திறந்து
முதல் மூடியை அவளிடம் நீட்டினான்.

கழற்றிவிட்டுச் சுட்டாள். பன்னிரண்டில் ஏழு.
இப்போது எல்லாம் தட்டுக்கு முன்னே போயின.
பாரத்தை எடுத்தாகிவிட்டது;
கைகள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

அது இருந்த இடத்தில் ஒரு துரு வளையம்.
மழைநீரைப் பிடித்துவைத்திருந்திருக்கிறது, உள்ளுக்குள்ளே.
எண்ணெய்த் துணியால் தேய்த்தாள்.
கொஞ்சம் போயிற்று. மிச்சம் போகவில்லை,
கழற்றிய மோதிரத்தின் அடையாளம்போல.
போகட்டும் என்றுதான் விட்டாள்;
ஆனாலும் மறுபடி தேய்த்தாள்.

திங்கட்கிழமை எடைமேடையில் காற்று.
சீட்டுக்கட்டின் மேல் அந்தப் பித்தளையை வைத்தாள்.
லாரி ஏறியது. முள் ஆடி நின்றது.
ஓட்டுநர் எட்டிப் பார்த்து
"அது என்ன?" என்றான்.

"கழிவு," என்றாள்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.