இறை

கவிழ்ந்தபோது சத்தமே இல்லை.
ரோஸ்கோலின் குடாவில், அக்டோபர் சனிக்கிழமை,
பச்சை இருட்டு மூக்குக்குள் ஏறியது, அவ்வளவுதான்.
இடுப்புப் பாவாடையின் முன்வளையத்தைத் தேடிய விரல்
முதலில் இழுத்தது ஒரு கடற்பாசியை.

மேலே வந்து கணக்குப் பார்த்தேன்.
துடுப்பு இருக்கிறது.
கயாக் இருக்கிறது, வயிற்றைக் காட்டிக்கொண்டு.
இடதுகால் செருப்பு இல்லை.
பதின்மூன்று டிகிரித் தண்ணீரில்
மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை,
முதுகில் யாரோ குத்துவதுபோல் விக்கி விக்கி வந்தது.
அந்த மூச்சைத்தான் மிதவைப் பைக்குள் ஊத வேண்டும்,
துடுப்பின் அலகில் மாட்டி, ஒன்பது தடவை.
ஆறோடு நிறுத்திவிட்டு
போதும் என்று எனக்கே பொய் சொன்னேன்.

புரட்டினேன். கடலை ஒரு வாய் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தது.
துடுப்பைக் குறுக்கே செருகி, குதிகாலை அதில் கொக்கியிட்டு,
பின்தளத்தில் குப்புற ஏறி
சந்தைத் திருக்கைபோல் கிடந்தேன் கொஞ்ச நேரம்.
பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே,
பையின் பக்கமாகவே உடம்பைத் திருப்பி.
மறுபக்கம் திரும்பியிருந்தால்
இந்தக் கவிதை முதல் வரிக்குப் போயிருக்கும்.

உட்கார்ந்தாயிற்று. தொடை மூழ்கிய தண்ணீரில்,
குளியல் தொட்டியோடு ஊர் கிளம்பியவள்போல.

கரையில் ஒருவர், நாயோடு, கையசைத்தார்.
பதிலுக்கு அசைக்கக் கையில்லை:
ஒன்று துடுப்பில், ஒன்று பம்பில்.
பம்பின் அடியை முழங்கால்கள் கவ்வியிருந்தன.

சாமி பேரைச் சொல்ல வாய் திறந்தேன்.
வந்தது 'இறை'.
கடவுளுக்கும் அதுதான் சொல், வரிக்கும் அதுதான்,
புகுந்த தண்ணீரை வெளியே தள்ளு என்பதற்கும் அதுவேதான்.
ஏவல் என்றே எடுத்துக்கொண்டேன்.

இறை.
நாற்பது இழுப்பு. சிவப்புக் குழாய் வழியே
கடல் கடலுக்குத் திரும்பியது.
எண்பது.
குனிந்து பார்த்தால் அதே தொடை, அதே மட்டம்.
ஒவ்வோர் அலையும் விளிம்பு தாண்டி
நான் கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்துவிட்டுப் போகிறது,
கடன் வைக்காத ஆள்.

அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது.
பாங்கரில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கணக்கெழுதுகிறேன்;
மாதக் கடைசியில் ஒரு பவுண்டு உதைக்கும்போது வரும் அதே எரிச்சல்.
வரவை அடைக்காமல் செலவு காட்டிக்கொண்டிருக்கிறாயே, மடச்சி!

தண்ணீர் தண்ணீராகவே இருக்கட்டும் என்று
பாவாடையைச் சுற்றிப் பூட்டினேன்,
வயிற்றோரம் ஒரு கையளவு வாய் மட்டும் விட்டு.
பம்பை அதில் நுழைத்தேன்.
இருநூற்றுப் பத்தில் இருக்கை தெரிந்தது.
இருநூற்று அறுபதில் பம்பு வறட்டு இருமல் இருமியது.
அந்த வாரம் முழுக்க
அவ்வளவு நல்ல வார்த்தை யாரும் என்னிடம் பேசவில்லை.

நாய்க்காரர் போய்விட்டிருந்தார்.
கரையில் பையை அமுக்கினேன்.
என் ஆறு மூச்சும் வெளியே வந்தன,
காலைக் காப்பி வாசனையோடு.

ஏ55 சாலையில், நெரிசலில்,
வெறுங்காலால் க்ளட்சை மிதித்து மிதித்து
வீடு போய்க்கொண்டிருக்கிறேன்.
மிதியடியில் இன்னும்
ஒரு கரண்டித் தண்ணீர் அலைகிறது.