தோளுக்குப் பின்னால்

லாக் விரிகுடாவில் தண்ணீர் இடுப்பளவுதான்.
மூழ்கிச் சாக வழியில்லை.
வெட்கப்படத்தான் நிறைய இடம்:
விழுந்தவுடன் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்,
நிற்பதைக் கரை முழுக்கப் பார்க்கும்.

பொனேரில் கொண்டல் லீவு எடுப்பதில்லை.
எனக்குச் செவ்வாயும் வியாழனும் அரைநாள்.
கல்லாவை எண்ணி ஒப்படைத்துவிட்டு,
கழுதைகள் மறித்து நிற்கும் சாலையில் ஹாரன் அடித்து,
மூன்று மணிக்கு நீரில் இருப்பேன்.

வித்தையின் பெயர் ஃப்ளாக்கா.
வேகம் பிடி, இடுப்புக் கொக்கியைக் கழற்று,
பாயை வீசி, அதன் அடியில் குனிந்து புகுந்து
மறுபக்கத்தில் பிடி.
காற்றுக்குள் ஓர் எம்பு.
பலகை வால் முந்திப் பின்னோக்கி வழுக்கும்,
சுற்று முடியும்வரை மேலேயே நில்.

அந்த "நில்"லில் எனக்கு இரண்டு வருஷம் போயிற்று.

முதுகால் விழுந்தேன். பாய் மேலே படுத்துக்கொண்டு
கண்ணாடி வழியாக வானத்தைக் காட்டியது.
பூம் கம்பி முழங்காலுக்குக் கீழே எழுதியதை
நீளக் காற்சட்டையால் மறைத்தேன்.
மூக்கில் உப்பு, பல்லிடுக்கில் கடற்புல்.
அடியில் ஜெல்லிமீன்கள் மல்லாந்து கிடந்தன,
விழுவதற்கென்றே பிறந்தவை போல,
சிரமமே இல்லாமல்.

ரிச்லென்னுக்குப் பன்னிரண்டு வயது.
ஒட்டுப் போட்ட பாய், அண்ணனின் பலகை.
என்னைச் சுற்றிவந்து, சிரித்தபடி,
ஒரே மூச்சில் மூன்று ஃப்ளாக்கா போடுவான்.
எப்படிடா என்றேன்.
"அசினா" என்றான். இப்படி, என்று அர்த்தம்.
இன்னொன்று போட்டான்.
மெதுவாகச் சொல் என்றேன்.
"அ... சி... னா."
நடக்கத் தெரிந்தவனிடம்
முழங்கால் எங்கே மடிகிறது என்று கேட்ட மாதிரி
முழித்தான், போய்விட்டான்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
கல்லாவில் நாற்பது டாலர் குறைந்திருந்தது.
மேலாளர் மர்செனா ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாததைத்தான் சுமந்துகொண்டு வந்திருந்தேன்.
காற்று விட்டுவிட்டு அடித்தது.
எதையும் யோசிக்காமல், கோபத்தில்,
பாயை எறிந்தேன், குனிந்தேன்,
தலையிலிருந்த தொப்பியைப் பாய் தட்டிப் பறித்தது.

புதுத் தொப்பி.
எங்கே விழுகிறது என்று பார்க்க
தோளுக்குப் பின்னால் திரும்பினேன்.
எடை முன்காலுக்குப் போயிற்று,
நான் அனுப்பவில்லை.
தலை போன வழியில் தோள்,
தோள் போன வழியில் இடுப்பு,
இடுப்பைப் பலகை நாய்க்குட்டியாகத் தொடர்ந்தது.
கரை ஒருமுறை கடந்தது. சதுப்பு மரங்கள் கடந்தன.
நீர் காலுக்கடியில் சீறிக்கொண்டே இருந்தது.
பிறகு கரை திரும்பவும் இருந்தது,
நானும் நின்றிருந்தேன்.

கத்த வாயைத் திறந்தேன்,
நேரே போகும்போது விழுந்தேன்.

அன்று மாலை இருட்டும்வரை இருபது முறை.
வரவில்லை.
அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்.
கதவு எங்கே இருந்ததென்று சுவரைத் தடவினேன்.
இன்னொரு தொப்பியும் போட்டுப் பார்த்தேன்.
அது கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.
ரிச்லென் தொலைந்த தொப்பியைக் கண்டெடுத்து
அவனே போட்டுக்கொண்டு திரிகிறான்.
திருப்பிக் கேட்க எனக்கும் மனமில்லை.

நேற்றுக் கடையில் நீண்ட வரிசை.
பின்னாலிருந்த பைக்கட்டை எடுக்கத் திரும்பினேன்.
தாடை தோளில் தொட்டது, எடை முன்காலில்,
முழங்கால் கொஞ்சம் மடிந்து.
அப்படியே நின்றுவிட்டேன்.
உடம்பு என்னைக் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தது.

பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வைத்திருந்த டச்சுக்காரி
எட்டிப் பார்த்தாள்.
அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

தொப்பி, என்றேன்.