இரண்டு பதிவேடுகளில் ஒருத்தி

பிரிவுபசார விழாவில் என்னை அறிமுகம் செய்தவர்
பதினேழு நாடுகள் என்றார்.
பதினாறுதான். லாவோஸில் விசா தகராறு,
விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவு இருந்துவிட்டுத் திரும்பினேன்.
அதையும் சேர்த்துவிட்டார்கள்.
நான் திருத்தவில்லை.

வேலந்தாவளம், தொண்ணூற்று மூன்று.
பாலத்துக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழ்நாடு,
நடுவில் பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் கோழி லாரிகள்.
இரு பக்கமும் தமிழில் ஓர் ஆரம்பப் பள்ளி.
அதே வெயில், அதே தென்னந்தோப்புக் கூலி,
வீட்டில் அதே வசவு.
மாறுவது அரசாங்கம் மட்டும்.
ஒப்பியல்காரிக்கு வேறென்ன வேண்டும்?
எனக்காகவே கிழித்த கோடு என்று
நெறியாளருக்கு ஏர்மெயில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே தேர்வு, வியாழக்கிழமை அங்கே.
ஒரே கேள்வித்தாள்: வாசிப்பு, கழித்தல், ஒரு வரைபடம்.
அங்கே கொஞ்சம் கூட வந்தது.
கொஞ்சம்தான், ஆனால்
தலையில் நட்சத்திரக் குறி முளைத்த எண்.
அந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு
பெர்கன் போனேன், லுசாக்கா போனேன்,
அமைச்சர்களுக்குத் தண்ணீர் பாட்டிலுக்கு அருகே உட்கார்ந்து
அண்டை நாட்டைப் பாருங்கள் என்று சொன்னேன்.

போன மாதம் அறையைக் காலி செய்கையில்
பழைய விடைத்தாள் கட்டு.
மயிலாத்தா ஆர்., இனிஷியல் பின்னால், பதினொரு மதிப்பெண்.
ரா. மயிலாத்தாள், இனிஷியல் முன்னால், பதினாலு.
கணினிக்கு இரண்டு பேர்.
ஆனால் இரண்டு தாளிலும் யாரோ
பத்தைக் கடன் வாங்கிவிட்டு
பக்கத்து எண்ணில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறார்கள்,
எல்லாக் கணக்கிலும், அதே இடத்தில்.

அப்புறம் தேடத் தேட ஒன்பது பிள்ளைகள்.
தலை எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடுவார்கள்,
அதனால் தலைமையாசிரியர்கள் தங்களுக்குள்
தலைகளைக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
ஒன்பதையும் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன்.
நட்சத்திரம் இல்லை.
மூன்று மதிப்பெண் தமிழ்நாடு அல்ல,
இரண்டாம் முறை பார்த்த கேள்வித்தாள்.

அவள் இப்போது சாவடிக்குப் பக்கத்தில்
தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறாள்.
எடைச்சீட்டை ஆணியில் குத்தியபடி கேட்டுக்கொண்டாள்.
எந்தப் பள்ளிக்கூடம் நல்லாயிருந்தது என்றேன்,
முப்பத்தோரு வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்காது.

"வெசாலக்கெழம அந்தப் பக்கமுங்க.
முட்ட போடுவாங்க.
மத்த நாளு இங்க, கஞ்சியும் பயிறும்."

ஒரு லாரி பின்வாங்கி நின்றது. எழுந்து போய்
மூட்டை எண்ணிவிட்டு வந்தாள்.

"நீங்கதான அந்தக் கேள்வித்தாள் டீச்சரு?
ரெண்டாந்தடவ குடுக்கறப்ப
என்னையப் பாத்துச் சிரிச்சீங்க.
தெரிஞ்சுதான் சிரிக்கறீங்கன்னு நெனச்சனுங்க."