கிலோ நாற்பது

காரைக்குடிச் சந்தைக்குப் பின்னால்
வெங்காய லாரிகள் நிற்கிற சந்தில்
மாதம் ஒரு திங்கட்கிழமை,
பெர்க்மான்ஸ் சாமியின் பழைய மாருதிக்குள்
பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்.

அவருக்குத் தேவகோட்டைப் பக்கம் பங்கு,
எனக்குப் புதுவயல் தாண்டி.
குருமடத்தில் அடுத்தடுத்த கட்டில்.
ஊதா ஸ்டோலை டேஷ்போர்டுக்குள் வைத்திருப்பார்,
பஞ்சர் ரசீதும் மிக்சர் பொட்டலமும்
அதன் மேல் கிடக்கும்.

உபதேசியாரை நாலு பேர் முன்னால் திட்டினேன்.
காய்ச்சல் என்று சொல்லி ஒரு சாவு வீட்டுக்குப் போகவில்லை.
இதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது.
பிறகு கொஞ்ச நேரம்
வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செபம் வரவில்லை, சாமி.
பூசை வைக்கிறேன், வாய் தானாகச் சொல்கிறது.
அப்பத்தை உயர்த்திய கை
காம்பவுண்டுச் சுவருக்கு இன்னும் எத்தனை லோடு செங்கல் என்று
கணக்குப் போடுகிறது.
திருப்புகழ்மாலையில் சிவப்பு நாடா
சாம்பல் புதனிலேயே கிடக்கிறது.
ஆனி பிறந்துவிட்டது.
'எங்களுக்காக வேண்டிக்கங்க' என்கிறார்கள்.
சரி என்கிறேன்.
சலேத்தம்மாள் மகனுக்கு விசா வேண்டும் என்று
நூறு ரூபாயைக் கையில் திணித்தாள்.
அதற்கும் சரி என்றேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார்.
தூங்கிவிட்டாரோ என்றிருந்தது.
வெளியே ஒருவன்
கருணை, கருணை, கிலோ நாற்பது என்று
கத்திக்கொண்டே இருந்தான்.

"ராத்திரி பத்து நிமிசம் கோயில்ல உக்காருங்க.
ஒண்ணும் கேக்காதீங்க.
சுவர் வந்தா வரட்டும்."
மன்னிப்பு சொல்லிச் சிலுவை வரைகையில்
முழங்கை ஹாரனில் பட்டது.
லாரிக்காரன் தலையை நீட்டி
எங்கள் அம்மாக்களைப் பற்றி ஒன்று சொன்னான்.
ஆமென் என்றேன்.

ஸ்டோலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.
அதற்கப்புறம் அவர் சொன்னதை
எழுத எனக்கு உரிமையில்லை.
மிக்சரைப் பிரித்துத் தின்றோம் என்பதை
எழுதலாம்.

ராத்திரி உட்கார்ந்தேன்.
சொன்னபடியே சுவர் வந்தது,
செங்கல் வந்தது, சிமெண்ட் கடைப் பாக்கி வந்தது.
பின்னாலேயே சலேத்தம்மாள் மகன் முகம் வந்தது,
பெயர் வரவில்லை.
நற்கருணை விளக்கைப் பார்த்தபடி
ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தேன்.
ராயப்பனா, இன்னாசியா, சந்தியாகுவா?
பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

எஸ்தாக்கி!
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கதவைப் பூட்டக் காத்திருந்த கோயில்பிள்ளை
எட்டிப் பார்த்தார்.
"கூப்பிட்டீங்களா சாமி?"

ஆமா, என்றேன்,
உங்களை இல்லை.