வழக்கமானது

மகளை மணிப்பால் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த
மூன்றாவது சனிக்கிழமை,
குக்கரைக் கையிலெடுத்தவள் திரும்ப வைத்தேன்.
"வெளியே போகலாமா?"
"எங்கே?"
"வெளியேதான்."

முலுண்டிலிருந்து வி.டி.க்கு
எதிர்த்திசை வண்டி காலியாக ஓடியது.
ஊரே வீடு திரும்பும் நேரத்தில்
வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறவர்களுக்கு
ஜன்னலோரம் இரண்டு இருக்கை,
கால் நீட்டிக்கொள்ள எதிரே இன்னும் இரண்டு.

ஃபோர்ட்டில் ஒரு சந்து. அதற்குள் ஒரு பெர்மிட் ரூம்.
"சும்மா, ஏசி இருக்கும்" என்றார்.
மீன் இல்லாத மீன்தொட்டி,
சத்தம் குறைத்த டிவியில் கிரிக்கெட்.
பரிமாறுகிறவர் மெனு கொண்டுவரவில்லை.
"கிரி சாப்! நேற்று வரலையே?"

கிரி.
கல்யாணப் பத்திரிகையில் அருணகிரி என்று அச்சடித்த பெயர்.
இருபத்திரண்டு வருடமாய் எனக்கு அது "ஏங்க."
ரத்னாகர் ஷெட்டி அதைப் பாதியாய் மடித்து
துண்டுபோல் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

கேட்காமலே வந்தது:
அறுபது மில்லி ரம், வெந்நீர்,
வேகவைத்த கடலை, வெங்காயம் இல்லாமல்,
ஒரு கிண்ணம் நிறையச் சோம்பு.

வெள்ளிக்கிழமைகளில் அவர்மேல் சோம்பு வாசம் அடிக்கும்.
ஆபீஸ் கேன்டீன் என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை வருஷமா?"
"ஒன்பது."
"யாரோட?"
"யாரோடயும் இல்ல. நாற்பது நிமிஷம்.
மேட்ச் இருந்தா ஒரு மணி நேரம்."
துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

கோபம் வருமென்று நானும் காத்திருந்தேன்.
சமையலறைக் கதவில் பாதி உடம்போடு
ரத்னாகரும் காத்திருந்தார்.
வரவில்லை.
கடைசி நிமிடத்தில் வேறு பிளாட்பாரத்துக்கு
மாற்றிவிட்டார்களோ என்னவோ.

"எனக்கும் வழக்கமானதே கொண்டாங்க" என்றேன்.
"வெங்காயத்தோட."

காதுவரை சூடு ஏறியது.
பக்கத்தில் நாலு பையன்கள்
எவனுக்கோ இன்கிரிமென்ட் வந்ததற்கு
மேசையைத் தட்டினார்கள்.
எங்கள் கடலை குதித்தது.
யாரென்று தெரியாத அந்த எவனுக்காக
நாங்களும் தட்டினோம்.

வெளியே வந்தால் பதினொன்றே கால்.
"இப்போ என் முறை."

கொலாபா. தாஜின் முதுகுப்பக்கச் சந்து.
கரிப்புகைக்கு முன்னால்
டாக்சிக்காரர்களும் வைரக் கம்மல்களும்
ஒரே கும்பலாய்.
யாருடையது என்று தெரியாத
வெள்ளை ஹோண்டாவின் பானெட்தான் மேசை.
கம்பியிலிருந்து தலை தூக்காமலே இக்லாக்
"மேடம், ரெண்டு சீக், மிளகாய் தூக்கலா,
எலுமிச்சை தனியா?" என்றான்.
"இன்னைக்கு நாலு."

இவர் என்னைப் பார்த்தார்.
ஆடிட் நடக்கும் மார்ச் மாதங்களில்
"ஆபீஸ்லயே சாப்பிட்டுட்டேன்" என்று நான் சொன்ன இரவுகளை
விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது.
விரலெல்லாம் புதினாச் சட்னி.

"செவ்வாய்க்கிழமையுமா?"
"சே. செவ்வாய் முருகனுக்கு.
அதுல மட்டும் பொய் கிடையாது."

அவர் சிரித்த சிரிப்பில்
ரொட்டித் துணுக்கு தெறித்து ஹோண்டாவில் விழுந்தது.
அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்தக்காரர் வந்தார்.
பதறி நகர்ந்தோம்.
அவர் கையிலும் ஒரு தட்டு.
எங்கள் பக்கத்திலேயே சாய்ந்துகொண்டு
"காயியே, காயியே" என்றார்.

கடைசி வண்டிக்கு இருபது நிமிடம்.
டாக்சி நின்றது.
மீட்டரில் கைவைத்துக் காத்திருந்தார் ஓட்டுநர்.

"கிரி" என்றேன்.
முள் எடுத்த மீன்போல்
அத்தனை சுலபமாய் இருந்தது வாயில்.
அவர் முதலில் சந்துக்குள் பார்த்தார்,
அங்கிருந்துதான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று.
பிறகு என்னை.

"முதல் வண்டி எத்தனை மணிக்கு?"
"நாலு சொச்சம்."
"அதுவரைக்கும் இந்த ஊர்ல
இன்னும் யாருக்கெல்லாம் உங்களைத் தெரியும்?"

டாக்சி போய்விட்டது.
அவர் கொஞ்சம் யோசித்தார். கூச்சப்பட்டார்.
"சௌபாத்தியில ஒரு குல்ஃபிக்காரன்.
அவனுக்கு என் பேரு தெரியாது.
பிஸ்தான்னு கூப்பிடுவான்."